சோப்பு டப்பாவுக்குள் ஒரு குரல்

அத்தியாயம் 5

"வாசி... வாசி... வாசி..."

செல்போனிலிருந்து வந்த குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்தது. நான்காவது தடவை அது வெறும் மூச்சாக இருந்தது. பிறகு கிட்டார் ஒரு மெட்டைத் தொடங்கிப் பாதியில் நின்றது. அப்புறம் அதே குரல் தெளிவாகப் பேசியது.

"இனிமே என்னால முடியாது. போதும்."

போதும்... போதும்... போதும்...

பதிவு முடிந்தது. மொத்தம் பத்தொன்பது விநாடி.

"மேடம்," என்றான் குகன். "காலைல ஒம்பது மணிக்கே பேய் டூட்டிக்கு வருமா? செகண்ட் ஷிப்டுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

விசாலாட்சி சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, துப்பறியும் அலுவலகம் திறந்தவள். இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது அவளுடைய பழைய பிழைப்பு. குகன் பழனி அடிவாரத்துக்காரன். ஜீப் ஓட்டுவதற்குத்தான் அவளிடம் சேர்ந்தான். வாய் இலவச இணைப்பு.

எதிரே நின்ற சரண்யா, ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கான நீலச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. வேலைக்குப் போய் மூன்று நாள் ஆகிறது.

அட்டுவம்பட்டியில் ஒரு வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சரண்யாவும் அவள் அண்ணன் கண்ணனும் அதில்தான் வாடகைக்கு இருந்தார்கள். கண்ணன் ஏரிப் பக்கத்து கபே ஒன்றில் சாயங்காலங்களில் கிட்டார் வாசிப்பவன். கீழ்மலைப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வந்து, படிப்பை விட்டு, கிட்டாரைப் பிடித்துக்கொண்டவன். வெள்ளிக்கிழமை மதியம் கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஐந்தேகால் மணிக்கு அவன் போனிலிருந்து தங்கைக்கு இந்தப் பதிவு வந்தது. மறுநாள் காலை, டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கும் வியூ பாயிண்ட்டின் வேலிக்கு அந்தப்புறம் அவனுடைய கேன்வாஸ் ஷூவும் போனும் இருந்தன. அவன் இல்லை.

தற்கொலை என்று ஊர் முடிவு கட்டியது. பதிவை யாரோ வாட்ஸ்அப்பில் பரப்பிய பிறகு ஊர் இன்னொரு முடிவும் கட்டியது. மலையிலிருக்கும் ஏதோ ஒன்று அவனை 'வாசி, வாசி' என்று வேலை வாங்கி, கடைசியில் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முன்வீட்டுக்காரர்கள் நேற்றிலிருந்து இந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

"எனக்குக் குழாயைத் தொறந்தாலும் அந்தச் சத்தம்தான்க்கா கேக்குது," என்றாள் சரண்யா. "கண்ணை மூடினா 'போதும்'னு சொல்றான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எங்கண்ணன் எதுவும் செய்யமாட்டான். ஆனா இதைக் கேக்கக் கேக்க, நான்தான் அவனுக்குச் சுமையா இருந்தேனோன்னு..."

வாசலில் குத்துக்காலிட்டிருந்த அவளுடைய அப்பா மலையன் தலை நிமிராமல் பேசினார்.

"அவன் அங்கன விழலம்மா."

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் விசாலாட்சி.

"ரெண்டு நாளும் வெள்ளனே கயிறு கட்டி நானே எறங்கிப் பாத்தேன். மனுசன் விழுந்தா செடி ஒடியும், பாசி வழிச்சுக்கிட்டு வரும். அங்கன ஒரு கெளை ஒடியல. போலீஸ்ல சொன்னேன். கேட்டுக்கிட்டாக. அம்புட்டுதான்."

மலைத்தேன் எடுக்கப் பாறைகளில் தொங்கி வளர்ந்த உடம்பு. அவர் காலடியில் கயிற்றுச் சுருள் கிடந்தது.

விசாலாட்சி மேஜைப் பக்கம் திரும்பினாள். அங்கே ரோஸ் நிற சோப்பு டப்பா ஒன்று இருந்தது. மூடியில் மூன்று திருகு குமிழ்கள், பக்கத்துக்கு ஒரு ஒயர் துளை. மேலே யாரோ எலுமிச்சம்பழம் வைத்துக் குங்குமம் தடவியிருந்தார்கள்.

"இது என்னம்மா?"

"டிலே பெடல்க்கா. கிட்டார்ல வாசிக்கிறதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆன்லைன்ல மலிவா வாங்கினான். வாங்கின மாசமே மூடி ஒடைஞ்சிருச்சு. உள்ள இருந்ததை எடுத்து சோப்பு டப்பாவுல வச்சுக்கிட்டான். பேய் இதுக்குள்ளதான் இருக்குன்னு முன்வீட்டுக்காரம்மா பழம் வச்சிட்டுப் போனாங்க."

"இது இங்கதான் இருந்துச்சா?"

"இல்லக்கா. சனிக்கிழமை ஸ்டீவ் அண்ணன் கொண்டாந்து குடுத்தாரு. அவன் வாசிக்கிற கபேவோட ஓனர், ஹாஸ்டல்ல அவனோட ஒண்ணாப் படிச்சவரு. கண்ணன் வியாழக்கிழமையே அங்கன விட்டுட்டுப் போயிட்டானாம்."

குகன் பழத்தை ஒற்றை விரலால் நகர்த்தினான். "மன்னிச்சுக்கங்க சாமி, உள்ள யாரு இருக்கான்னு பாத்துட்டு வச்சிர்றோம்."

விசாலாட்சி மூடியைத் திறந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. நடுவே பதினாறு கால் வைத்த ஒரு கறுப்பு சிப். சுற்றிலும் கடுகும் மிளகும் கொட்டினாற்போல் சின்னச் சின்ன உறுப்புகள். ஓரத்தில் ஒன்பது வோல்ட் பேட்டரி.

"இவ்வளவுதானா?" என்றான் குகன். "இதுக்குள்ள பேய் குடியிருக்கணும்னா முட்டி மடக்கித்தான் படுக்கணும்."

"பழனி கோயில் கியூவைப் பாத்திருக்கேல்ல?"

"பாக்காம? அதுல நின்னே ரெண்டு வகுப்பு பெயிலானேன்."

"வர்ற சத்தத்தை இந்தச் சிப் பொடிப்பொடியா நறுக்கி அந்த மாதிரி ஒரு கியூவுல நிக்க வைக்கிது. முன்னாடி போனதுதான் முன்னாடி வெளிய வரும், ஆனா கொஞ்சம் தாமதமா வரும். அதுதான் எதிரொலி. வெளிய வந்ததுல கொஞ்சத்தை மறுபடி கியூவோட வாலுக்கே அனுப்பினா, திரும்பத் திரும்பக் கேக்கும். ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் தேயும்."

"பேய் எத்தனை நாள் நிக்கும் இந்தக் கியூவுல?"

"நாளா? கடையில வாங்கினபடி இருந்தா அரை விநாடி, கொஞ்சம் கூட. பேட்டரியைக் கழட்டினா அதுவும் காலி. இதுக்குள்ள யாரும் தங்க முடியாது." அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். "ஆனா சரண்யா, உங்கண்ணன் ஒரு வேலை பண்ணியிருக்கான். ஆறாவது காலைப் பாரு. பெரிய ரெசிஸ்டர் ஒண்ணு புதுசா வச்சிருக்கான். கியூவுல அதே ஆளுங்கதான். நடையை மட்டும் மெதுவாக்கிட்டான். இப்ப கிட்டத்தட்ட ஒரு விநாடி நிக்கும். ஆனா சத்தம் கரகரன்னு வரும்."

"அவனுக்கு அந்தக் கரகரப்புதான் பிடிக்கும்," என்றாள் சரண்யா.

விசாலாட்சி பதிவை மறுபடி போட்டாள். கடைசியிலிருந்த 'போதும்' மட்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று தடவை கேட்டாள்.

"போதுமுக்கும் போதுமுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு விநாடி. கரகரப்பும் இருக்கு. கடைச்சரக்கு எதுவும் இப்படி வராது. இது இந்த டப்பாவேதான்." அவள் நிமிர்ந்தாள். "வியாழக்கிழமையிலேருந்து கபேல இருந்த டப்பா, வெள்ளிக்கிழமைப் பதிவுல எப்படிப் பேசுச்சு?"

குகன் ஜீப் சாவியை எடுத்தான். வெளியே பனி இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டிருந்தது.

"இரு குகா. இன்னும் இருக்கு. சரண்யா, அந்த 'வாசி'ங்கிறது யாரு குரல்?"

சரண்யா தயங்கினாள். "அவன் குரல்தான்க்கா. அதுதான் எல்லாரும் பயப்படுறாங்க. ஏதோ ஒண்ணு அவன் தொண்டையில நின்னு பேசுதுன்னு."

"கிட்டார் வாசிக்கிறவன் குரல் எப்படி டப்பாவுக்குள்ள போச்சு?"

"கிட்டார் துளைக்குள்ள சின்ன மைக் ஒட்டியிருப்பான். மடியில வச்சுக்கிட்டுப் பேசினா பேச்சும் சேர்ந்து போகும்."

கண்ணனின் சாமான்களில் ஒரு பழைய கரோக்கி மைக் கிடந்தது. விசாலாட்சி அதை டப்பாவின் ஒரு துளையிலும், சரண்யாவின் குட்டி ஸ்பீக்கரை மறு துளையிலும் செருகினாள். செருகியதும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகியது. சரண்யா ஓரடி பின்வாங்கினாள். விசாலாட்சியும் ஒரு கணம் அந்த முனகலையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மைக்கைக் குகனிடம் நீட்டினாள்.

"ரெண்டு எழுத்துல ஏதாவது சொல்லு. ரெண்டு தடவை, வெரசா. நான் கொஞ்சம் பிந்தி போன்ல ரெக்கார்டை அமுக்குவேன்."

"பூரி பூரி," என்றான் குகன். காலையில் சாப்பிடாதவன்.

ஸ்பீக்கர் அதைப் பிடித்துக்கொண்டது. பூரிபூரிபூரிபூரி. நடுவில் அவள் போனை அமுக்கினாள். சத்தம் ஓய்ந்ததும் போட்டுக் காட்டினாள்.

ரிபூ... ரிபூ... ரிபூ...

"அட, திருப்பிப் போட்டுட்டாங்க பூரியை," என்று ஆரம்பித்த குகன் அப்படியே நின்றான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்ன?" என்றாள் விசாலாட்சி.

"மேடம், எங்க ஊர்ல சாமியாருங்க சொல்வாங்க. 'வாசி வாசி'ன்னு மூச்சு விடாம சொல்லிக்கிட்டே இருந்தா..." அவன் உதடு மட்டும் அசைந்தது. "சிவா சிவான்னு வரும்."

விசாலாட்சி சரண்யாவின் பக்கம் திரும்பினாள்.

"தனியா இருக்கிறவன் யாரைப் பாத்து 'வாசி'ன்னு சொல்வான்?" என்றாள் விசாலாட்சி. "பேய் பேசல. உங்கண்ணன் பக்கத்துல இருந்த ஆளை ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். அந்த ஆள் அதுக்கப்புறம்தான் ரெக்கார்டை அமுக்கியிருக்கான். அமுக்கிறதுக்கு முன்னாடி நடந்தது தெரியாதுன்னு நெனச்சிருப்பான். கியூவுல நின்ன பேச்சு பின்னாடியே வந்து மாட்டிக்கிச்சு. அப்ப 'இனிமே என்னால முடியாது'ன்னு சொன்னதும் உனக்கில்ல. அவனுக்கு."

சரண்யா மெல்லச் சுவரில் சாய்ந்தாள். மூன்று நாளாக இறுகியிருந்த முகம் குலைந்தது. ஆனால் அழவில்லை.

"சிவான்னு யாரும்மா?"

"தெரியலக்கா. அவன் அப்படி யாரையும் சொன்னதில்லையே."

"கொடைக்கானல்ல எனக்கே பதினோரு சிவா தெரியும்," என்றான் குகன். "அதுல ஒண்ணு நாய்."

"டப்பாவைக் கொண்டாந்து குடுத்த ஆள்கிட்டேருந்து ஆரம்பிப்போம்," என்றாள் விசாலாட்சி. ஆனால் உடனே கிளம்பவில்லை. டப்பாவையும் ஸ்பீக்கரையும் கையிலெடுத்தாள். சுவரிலிருந்த சுவிட்ச் பலகையின் அருகே கொண்டுபோனாள். முனகல் பெரிதாகியது. வெளியே நடந்து, வேலியோரம் போய் நின்றாள். முனகல் அடங்கிவிட்டது.

"இது பேட்டரில ஓடுது," என்றாள் திரும்பி வந்து. "இரும்புப் பெட்டியா இருந்தா வெளிக் கரண்ட்டைத் தடுத்திருக்கும். பிளாஸ்டிக் தடுக்காது. பக்கத்துல கரண்ட் ஓடினா முனகும். டெலிபோன் லைன்ல எனக்குப் பழகின சங்கதி. பதிவுல காத்து கேக்குது, குருவி கத்துது. வெளியிடம்தான். ஆனா அடியில இந்த முனகல், இதைவிடப் பலமா இருக்கு."

அவள் மலையனிடம் திரும்பினாள்.

"ஐயா, பெரிய கரண்ட் கோபுரத்துக் கம்பி தலைக்கு மேல போற மாதிரி இங்க ஏதாவது பாறை இருக்கா?"

மலையன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வில்பட்டி தாண்டி, தேனடைப் பாறை. நாங்க தேன் எடுக்கிற எடம். சின்னப் புள்ளையில அவனை நான்தான் கூட்டிட்டுப் போவேன்." கயிற்றைத் தோளில் மாட்டினார். "நான் போறேன்."

"கபே போற வழிதான். அஞ்சு நிமிஷம். ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க."

ஸ்டீவ்ஸ் கார்னரில் ஆறு மேஜை. சுவரெல்லாம் கிட்டார் படங்கள். எப்போதும் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் கடையில் அன்று பாட்டு இல்லை, டிவி இல்லை, மின்விசிறிகூட இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த ஸ்டீவுக்கு முப்பது வயதிருக்கும். தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"பாட்டு போடலையா சார்?" என்றான் குகன்.

"தலைவலி."

விசாலாட்சி லெமன் டீ கேட்டாள். டீ வருவதற்குள் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த உணவு உரிமத்தைப் படித்தாள். கடைக்காரன் எந்தப் பெயரில் வாழ்ந்தாலும் அரசாங்கம் அவன் சொந்தப் பெயரில்தான் உரிமம் தரும்.

உரிமம் பெற்றவர்: க. சிவனாண்டி.

அவள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"ஸ்டீவ்ங்கிறது சிவனாண்டியோட சுருக்கமா?" என்றான் குகன். "சலவைக்குப் போட்ட மாதிரி நல்லாவே சுருங்கியிருக்கு."

"வெள்ளைக்காரங்களுக்கு வாயில நுழையாது," என்றான் ஸ்டீவ். "என்ன வேணும் உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"பழனி. சாமி கும்பிடப் போனேன். போலீஸ்ல சொல்லிட்டேன்."

"கண்ணன் உங்களை எப்படிக் கூப்பிடுவான்?"

ஸ்டீவ் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தான்.

விசாலாட்சி சோப்பு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். பதிவின் முதல் நான்கு விநாடியைப் போட்டாள். 'வாசி... வாசி... வாசி...' அதையே நிறுத்தி, இரண்டாவது எழுத்திலிருந்து மறுபடி போட்டாள்.

சிவா... சிவா... சிவா...

ஸ்டீவின் கை கல்லா விளிம்பைப் பிடித்தது.

"ஹாஸ்டல்ல ஒண்ணாப் படிச்சவன் மட்டும்தான் அந்தப் பேரைச் சொல்லியிருப்பான்," என்றாள் அவள். "தேனடைப் பாறையில, கரண்ட் கம்பிக்குக் கீழ, நீங்க அவன் போனைக் கையில வச்சிருந்தீங்க. எதுக்கு?"

"நிறுத்துங்க அதை."

"நிறுத்தியாச்சு."

"இல்ல. கேக்குது." அவன் இரண்டு காதையும் பொத்தினான். பிறகு தரையைப் பார்த்துப் பேசினான்.

"அவன் மெட்டு ஒண்ணை என் பேர்ல யூட்யூப்ல போட்டேன். அது ஓடிருச்சு. கோவாவுல ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. முழுசா வாசிச்சு அனுப்பணும்னாங்க. எனக்கு அந்த அளவுக்கு வாசிக்க வராது. 'ஒரே ஒரு தடவை வாசிடா, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்'னு கடையோட பேட்டரி ஸ்பீக்கரை எடுத்துக்கிட்டு, அவனுக்குப் பிடிச்ச அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போனேன். என் போன்ல சார்ஜ் இல்ல, அவன் போன்ல எடுத்தேன். எதுக்குன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. 'சிவா, சிவா'ன்னு மட்டும்தான் சொன்னான். நான் காதுல வாங்காம ரெக்கார்டை அமுக்கினேன். நாலு தட்டு வாசிச்சான். அப்புறம் போதும்னு எந்திரிச்சான். ஷூவைக் கழட்டிட்டுத்தான் வாசிப்பான். பாறையெல்லாம் ஈரம். கிட்டாரோட வழுக்கிட்டான். நான் தொடல மேடம். சத்தியமா தொடல."

"அப்ப பதிவைத் தங்கச்சிக்கு அனுப்பிட்டு, ஷூவையும் போனையும் ஏன் இன்னொரு எடத்துல கொண்டுபோய் வச்சீங்க?"

அவன் நிமிர்ந்தான்.

"கீழேருந்து கூப்பிட்டான். சிவா, சிவான்னு. பனி. ஒண்ணும் தெரியல. குரல் மட்டும் வருது. ஆள் கூட்டிட்டு வரத்தான் ஓடினேன். பாதி வழியில ஒரு வளைவு இருக்கு. அங்க போறப்ப தோணிச்சு, அவன் வராம இருந்தா அந்த மெட்டு என்னோடதுதானேன்னு. அதுவரைக்கும் ஓடினேன். அது தோணினதுக்கு அப்புறம் நடந்தேன்."

விசாலாட்சி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"உயிரோட இருந்தானா?"

"வெள்ளிக்கிழமை இருந்தான்."

கடை வாசலில் மலையன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. அவர் ஸ்டீவை அடிக்கவில்லை, ஏசவில்லை. திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார்.

விசாலாட்சி சப்-இன்ஸ்பெக்டர் தேவசேனாவுக்குப் போன் செய்து, தீயணைப்பு ஆட்களோடும் ஆம்புலன்ஸோடும் நேரே பாறைக்கு வரச் சொன்னாள். ஸ்டீவ் தானாகவே வந்து ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். எதிரே சரண்யா. வில்பட்டி கடந்து, கேரட் மூட்டைகள் அடுக்கிய வேன்களைத் தாண்டி, தார் ரோடு முடிந்த இடம்வரை குகன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

பாறையின் விளிம்பில் உலகம் முடிந்திருந்தது. அந்தப்புறம் வெள்ளை. தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தன. யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவதைப்போல இருந்தது அது. சரண்யா விளிம்புவரை போய்க் கத்தினாள்.

"அண்ணே..."

பள்ளத்தாக்கு அதை வாங்கி மூன்று தடவை திருப்பிக் கொடுத்தது. வேறு எதுவும் வரவில்லை.

மலையன் விளிம்பில் படுத்துக் கீழே கைவிட்டுத் தடவினார். ஒடிந்த ஒரு கிளையை எடுத்து மகளிடம் காட்டினார். பிறகு கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தீயணைப்புக்காரங்க வந்துரட்டுமே ஐயா," என்றாள் விசாலாட்சி.

"அவுக வரட்டும்மா. நான் எறங்கிக்கிட்டு இருக்கேன்."

பத்தடியில் பனி அவரை விழுங்கியது. கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. குகனும் ஸ்டீவும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். சரண்யா நடந்து வந்து ஸ்டீவின் கைகளிலிருந்து கயிற்றை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

நிமிஷங்கள் போயின. தேவசேனாவும் தீயணைப்பு ஆட்களும் மேலேறி வருகிற சத்தம் கேட்டது. கயிறு ஒரு தடவை வெட்டி இழுத்தது.

"அப்படின்னா என்னம்மா?" என்றான் குகன் மெதுவாக.

"ஒரு இழுப்புன்னா வெறுங்கூடு, தேன் இல்லைன்னு அர்த்தம்," என்றாள் சரண்யா. உதடு வெளுத்திருந்தது.

குகன் விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தான்.

கயிறு மறுபடி இழுத்தது.

"ரெண்டு," என்றாள் சரண்யா. "ரெண்டு இழுப்புன்னா..." கயிற்றை விடாமல் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கீழேயிருந்து, பனிக்குள்ளிருந்து, மலையனின் குரல் ஏறி வந்தது.

"மூச்சு இருக்கு. தண்ணி குடுத்து விடுங்க."

அவனை மேலே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. நாற்பதடிக்குக் கீழே ஒரு திட்டு. பாறையோடு ஒட்டி வளர்ந்த மரம் ஒன்று அவனை அங்கே தடுத்து நிறுத்தியிருந்தது. வலது தொடை உடைந்திருந்தது. பாறையில் கசிந்த நீரை நக்கி மூன்று நாளை ஓட்டியிருந்தான். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, ஸ்டிரெச்சரில் கம்பளிக்குள் கிடந்தவனைப் பார்த்தால் இருபத்தேழு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சரண்யா பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான். அவளுடைய நீலச் சட்டையைப் பார்த்தான்.

"வேலைக்குப் போகலையா?" என்றான். குரலே இல்லை, காற்றுதான்.

"போகல," என்றாள் சரண்யா.

தேவசேனா பக்கத்தில் மண்டியிட்டாள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். ஸ்டீவ் பத்தடி தள்ளி ஒரு காவலரின் அருகே தலைகுனிந்து நின்றிருந்தான்.

"ஒரே ஒரு கேள்விதான் தம்பி. மத்ததெல்லாம் ஆஸ்பத்திரில பேசிக்கலாம். அவன் உங்களைத் தள்ளினானா?"

கண்ணன் தலையை மெல்ல அசைத்தான்.

"இல்லம்மா. நானா வழுக்கித்தான் விழுந்தேன்."

தேவசேனா விசாலாட்சியைப் பார்த்தாள். ஸ்டீவ் தலையை நிமிர்த்தினான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ இளகியது.

"விழுந்தப்புறம் கூப்பிட்டேன்," என்றான் கண்ணன். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டான். "அவனுக்குக் கேட்டுச்சு. மேலேருந்து பதில் சொன்னான். 'இரு, இதோ வர்றேன்'னு சொன்னான். நான் இருந்தேன்."

ஸ்டீவ் இதை மட்டும் கபேயில் சொல்லியிருக்கவில்லை.

கண்ணன் முகத்தை அவன் பக்கம் திருப்பவில்லை. தங்கையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கு என்ன கேஸ் உண்டோ, அதைப் போடுங்க."